எண்பத்திரண்டு

கெடிலம் பாலத்தில் லாரிகள் நின்றால்
முள் ஏறும்.
மத்தியான ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருக்க
பதினெட்டு வயது எஸ்டீமில்
ஹீட்டரை முழுசாய்த் திறந்துவிட்டு
மே மாதத்தில் உட்கார்ந்திருப்பேன்,
எஞ்சினின் சூட்டில் கொஞ்சம்
என் மேல் வாங்கிக்கொண்டு.
பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்ப்பார்:
"ஏம்மா, உள்ள வெந்நீர் போடுறியா?"

மஞ்சக்குப்பம் மக்தூம் பாய்க்கு ஒரே தீர்ப்பு.
"தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போட்டுரு.
நம்ம வெயிலுக்கு அது எதுக்கு?
குளிர்நாட்டுக்காரன் வெச்ச கதவு."
அப்படிப் பிடுங்கியவை அவர் தகர டப்பாவில்
இருபதாவது இருக்கும்,
கழற்றிவைத்த பல்செட்டுகள் போல.

லேபில் என்னோடு வேலை பார்க்கும் லூர்துமேரி
பாண்டியில் வாங்கச் சொன்னாள்.
காமராஜர் சாலையில் கடை.
எழுபத்தாறிலேயே திறந்துவிடுமாம்,
பந்தய வண்டிக்குப் போடுவதாம்.
ஆயிரத்து நானூற்று முப்பது.
நீலப் பெட்டி. ஸ்டிக்கர் இலவசம்.
திரும்பும் வழியில் கன்னியக்கோயிலில் பெட்ரோல் போட்டு
லிட்டருக்கு மிச்சமானதைப் பெருக்கி
அந்த விலையில் கழித்துப் பார்த்தேன்.
கழியவில்லை.

ஞாயிறு.
பழையதைக் கழற்றினேன். இரண்டு போல்ட்,
ஒன்று அடம்பிடித்து, பிறகு வந்தது.
உள்ளங்கையில் அடங்கும் பித்தளை,
விளிம்பில் அச்சடித்த 82.
வயிற்றில் ஒரு குப்பி, குப்பிக்குள் மெழுகு.
உருகினால் கதவு, உறைந்தால் சுவர்.
இவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

பால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து
இரண்டையும் நூலில் கட்டி இறக்கினேன்.
கால் டிகிரிகூடப் பிசகாத லேப் தெர்மாமீட்டர்
(திங்கட்கிழமை திருப்பி வைத்துவிடுவேன்).
அறுபது. எழுபது.
ஜன்னலில் தெற்குக் காற்று, சிப்காட் வாசத்தோடு.
எழுபத்தொன்றில் புதுசு வாயைத் திறந்தது,
கேட்கும் முன்னே பதில் சொல்லும் மாப்பிள்ளை மாதிரி.
எண்பது. எண்பத்தொன்று.
பழையது அசையவில்லை.
செத்துவிட்டதோ என்று குனிந்தேன்,
ஆவியில் மூக்குக்கண்ணாடி மறைந்தது.
துடைத்துப் போடுவதற்குள்
எண்பத்திரண்டரை,
மயிரிழை அளவுக்கு ஒரு கறுப்பு.
பிறகு நகம் நுழையும் அளவு.
பிறகு விரல்.

அப்படியானால் குற்றவாளி இதுவல்ல.
கூலண்ட் மாற்றிய அன்று உள்ளே மாட்டிய காற்று
மூடிய கதவுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு
மெழுகுக்குச் சூடு தெரியாமல் மறைத்திருக்கிறது.
மூன்று மில்லிமீட்டர் துளை போதும், அது போய்விடும்.

டிரில் வீட்டுக்காரருடையது.
கல்யாண போட்டோவை மாட்ட வாங்கியது.
முனையைப் பொருத்திவிட்டு
ஒரு நிமிஷம் சும்மா நின்றேன்.
பதினெட்டு வருஷம் சொன்ன எண்ணில் நின்ற ஒன்று.
இனி இது முழுசாய் மூடாது.
காலையில் எஞ்சின் சூடாக
இன்னும் நாலு நிமிஷம் ஆகும்.
திறக்கக்கூடாத நேரத்திலும்
கொஞ்சம் கசிந்துகொண்டேயிருக்கும்.
அழுத்தினேன்.
பித்தளைச் சுருள் ஒன்று எழுந்து வந்து உடைந்தது.

துளை பன்னிரண்டு மணி நிலையில் நிற்கும்படி மாட்டி
புதன்கிழமை கெடிலம் பாலம். லாரிகள்.
முள் பாதியில், ஹீட்டர் மூடி.
ஆட்டோக்காரர் என்னவோ கேட்க வந்து
கேட்காமல் பீடி பற்றவைத்தார்.

மக்தூம் பாய்தான் ஒத்துக்கொள்ளவில்லை.
"ஓட்டை போட்டாலும் பிடுங்கினாலும் ஒண்ணுதாம்மா.
நீ கொஞ்சமாப் பிடுங்கியிருக்க."

நீலப் பெட்டி
ஐந்து டிகிரி பொய்யோடு அலமாரியில் இருக்கிறது.
ஸ்டிக்கரைப் பையன் ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டான்.
அந்தப் பாத்திரத்தில் யாரும் பால் காய்ச்சுவதில்லை.
தெர்மாமீட்டரை
இன்னும் திருப்பி வைக்கவில்லை.